ஓப்பன் டிடிடி விளையாட்டில் தொடர்வண்டிப் பராமரிப்பு

கிறிஸ் சாயர் உருவாக்கி 1994-இல் வெளியான டிரான்ஸ்போர்ட் டைக்கூன் விளையாட்டைப் பின்பற்றித் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் திறமூல விளையாட்டு ஓப்பன் டிடிடி ஆகும். இதில் ஒவ்வொரு தொடர்வண்டிக்கும் நம்பகத்தன்மை விழுக்காட்டில் காட்டப்படுகிறது. வண்டி ஓட ஓட அது குறையும். பணிமனைக்குச் சென்றுவந்தால் உயரும். இயல்பான பராமரிப்பு இடைவெளி 150 நாட்கள். அருகில் பணிமனை இல்லாவிட்டால் வண்டி பராமரிப்பின்றி ஓடி நடுவழியில் பழுதாகி நிற்கும். பின்னால் வருபவையும் காத்துநிற்கும். ஒரு வண்டியைக் கவனிக்காமல் விட்டால் தடம் முழுவதும் முடங்கும் என்பதை விளையாட்டு நன்கு உணர்த்துகிறது.

ஆனால் பராமரிப்பு நொடியில் முடிகிறது. அதற்குத் தனிச் செலவில்லை. சக்கரத்தையும் பிரேக்கையும் சோதிக்கும் தொழிலாளர் எவரும் இல்லை. பராமரிப்பு ஏன் தேவை என்பதை மாணவர் இதில் அறியலாம். அதன் பின்னுள்ள உழைப்பை அறிய இயலாது.