பின்தொடர்தலும் பொறுப்பும்

சமூக ஊடகங்களில் யாரைப் பின்தொடர்வது என்பது தனிமனித ரசனை சார்ந்த அற்ப விடயமென்றே பலரும் கருதுகின்றனர். இக்கருத்து எமக்கு உடன்பாடன்று.

மக்கள் முன் எதனை வைப்பது என்பதை முன்பு பத்திரிகாசிரியர் தீர்மானித்தார். 1959இல் தினகரன் ஆசிரியரான கைலாசபதி, ஈழத்து எழுத்தாளருக்குக் களம் அமைத்தார். அத்தெரிவுக்கு உரியவர் யாரென வாசகர் அறிந்திருந்தமையால், அதனை ஏற்கவும் எதிர்க்கவும் முடிந்தது. இன்றோ அதனைச் செய்வது நிறுவனங்களின் கணினி நிரல். எம்மை விளம்பரங்களின் முன் நெடுநேரம் நிறுத்திவைப்பதே அதன் நோக்கம். சினத்தைக் கிளறும் பதிவு அந்நோக்கத்துக்கு உகந்தது.

இதன் விளைவை இந்நாடு கண்டுள்ளது. 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போது முஸ்லிம் மக்களுக்கு எதிரான வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் பரவின. அரசு அத்தளத்தைத் தற்காலிகமாக முடக்கியது. 2020இல் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகள் மன்னிப்பினால் மீளவில்லை. வெறுப்பை எழுதியவர் மட்டுமன்றி, தொடர்ந்தும் பகிர்ந்தும் அதற்கு வலுவூட்டியவரும் பொறுப்பாளிகளே.

ஆகவே, பின்தொடர்தலும் ஒரு விமர்சனச் செயலாகும். அதற்கு அளவுகோல் யாது? பின்தொடர்வோர் தொகையன்று. நீலக்குறியுமன்று, இன்று எக்ஸ் எனப்படும் தளத்தில் 2022 முதல் அது சந்தாவுக்குக் கிடைக்கும் பண்டம். எழுதுபவர் சான்று காட்டுகின்றாரா, தம் பிழையைத் திருத்துகின்றாரா, தாம் பேசும் மக்களின் வாழ்வை அறிந்தவரா என்பனவே வினாக்கள். நாட்சம்பளம் பற்றித் தோட்டத் தொழிலாளி ஒருவர் எழுதும் நான்கு வரிகள், அவர்பொருட்டுப் பிறர் எழுப்பும் நூறு ஆரவாரங்களினும் மேலானவை.

முற்போக்காளருக்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். உடன்படுவோரை மட்டுமே தொடர்ந்தால் எமது எதிரொலியையே மக்கள் குரலென மயங்குவோம். இத்தெரிவை மாணவருக்குப் பயிற்றுவிப்பது இன்றைய மொழிக்கல்வியின் கடமையாகும்.