இரண்டாம் வயலின்

கடம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் எப்படியும் ஒரு மணி நேரம் ஆகிவிடும். ரெண்டு மாசமாக அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டே ஆல்பங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறேன். 1986இல் வந்த 'ஹௌ டு நேம் இட்', 2005இல் வந்த 'திருவாசகம்'. இரண்டுக்கும் இசை இளையராஜா. முதலாவதில் நம் சென்னைக் கலைஞர்கள். இரண்டாவதில் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா.

எழுதியவர் ஒருவர்தான். பிறகு ஏன் வயலின்கள் இவ்வளவு வேறாக ஒலிக்கின்றன?

புடாபெஸ்ட் கூட்டம் சுத்தம். ஸ்வரத்தில் நேராகப் போய் உட்காருகிறது. (ஆங்கில கோரஸ் வரும்போது எனக்குக் கவனம் கலைந்துவிடும், அது வேறு விஷயம்.) சென்னை வயலின்கள் அப்படி உட்காருவதில்லை. கீழேயிருந்து லேசாக வழுக்கிக்கொண்டு வந்து சேரும். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' கேளுங்கள். பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முதல் பகுதி ஓடிக்கொண்டே இருக்கும், அதோடு நம்ம ஊர் வயலின் ஒன்று பேசும். ஆல்பத்தின் தனி வயலின் வி.எஸ். நரசிம்மன். ஒரே ஆளிடம் இரண்டு பள்ளிகளும் இருந்தால்தான் அது நடக்கும்.

ஒலிப்பதிவுத் தொழில்நுட்பம் மாறியது, மேடைக்கும் சினிமாவுக்கும் எழுதும் விதம் வேறு, எல்லாம் சரி. அதையெல்லாம் கழித்த பிறகும் ஏதோ மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்சம் என்ன என்று சொன்னவர் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு வயலின் கற்றுத்தரும் ஒரு பெரியவர். எண்பதுகளில் கோடம்பாக்கத்தில் இரண்டாம் வயலின் வரிசையில் வாசித்தவர். கர்நாடக வயலினைத் தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுதி சேர்த்து வாசிப்பார்கள். மேற்கத்திய முறையில் தாடைக்குக் கீழே, வேறு சுதி. சினிமாவுக்கு வந்தவர்கள் இந்த இரண்டாவதைப் படித்து, ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கப் பழக வேண்டும். இளையராஜா வாத்தியம் இல்லாமலேயே முழு ஸ்கோரையும் எழுதிவிடுவார், அதிலிருந்து ஒவ்வொருவருக்கும் பார்ட் பிரித்துத் தருவார்கள், ஒத்திகை, டேக். எல்லாரும் சேர்ந்து வாசித்த காலம், ஒருவர் தப்பினால் மொத்தப் பேரும் முதலிலிருந்து.

"வழுக்கலுக்கு ஒரு கோடு போடலாம் தம்பி. எவ்வளவு வேகத்துல, எங்க ஆரம்பிச்சுன்னு எழுத முடியாது. நாங்க பக்கத்து ஆளோட வில்லப் பாத்துப் போவோம்."

ஆளாளுக்கு ஒரு வேகத்தில் வழுக்கினால் சத்தம் குழம்பிவிடும். அத்தனை பேரும் ஒன்றாக வழுக்கியதால்தான் நாம் 'ராஜா ஸ்ட்ரிங்ஸ்' என்று உருகுகிறோம். அந்தப் பெயரில் எனக்கு அரைச் சம்மதம்தான். ஸ்வரங்களும் அவற்றின் அடுக்கும் ராஜாவுடையவை. அந்த வழுக்கல் காகிதத்தில் இல்லாதது.

எங்கள் தொழிலில் ஒரு வரி கோடை எவன் எழுதினான் என்று கிட் காட்டிக்கொடுத்துவிடும். இசைத்தட்டு உறை அப்படியில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். மோட்டவுன் கம்பெனியின் சோல் பாடல்களில் பின்னால் மிதக்கும் வயலின்களில் பலவும் டெட்ராய்ட் சிம்பொனிக்காரர்கள் வாசித்தவை. தாளக்கட்டு ஃபங்க் பிரதர்ஸ். அறுபதுகளில் உறைகளில் அவர்கள் பெயர் வராது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில் வந்தது. பம்பாய் ஸ்டுடியோ கலைஞர்களைப் பற்றி கிரெகரி பூத் 2008இல் ஒரு புத்தகமே போட்டார். அங்கே அந்தோணி கொன்சால்வ்ஸுக்கு அவர் சீடர் பியாரேலால் ஒரு சினிமாப் பாட்டிலேயே மரியாதை செய்தார். நாமோ ராஜாவின் ராகங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், வாசித்த கையைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. நானும் இதே வலைப்பூவில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

பெரியவர் தான் வாசித்த ஒரு பாட்டைச் சொன்னார் (பாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்). இரண்டாவது இடையிசையில் தான் இருப்பதாகச் சொன்னார். வீட்டில் பேத்தி நம்பவில்லையாம், கேட்டா மேலே போற வயலின்தான் கேக்குதுங்கிறாளாம்.

எனக்கும் அதுதான் கேட்டது. ஹெட்போனில் மூன்று முறை ஓட்டினேன். திருநின்றவூர் தாண்டும்போது, நாலாவது முறை, மெலடிக்கு அடியில் எதிர்த்திசையில் இறங்கும் ஒரு வரிசை தனியாகப் பிரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த ஹெட்போனை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன், பேத்தியின் காதில் மாட்ட.