டகோமா அணியின் இரண்டாம் இன்னிங்ஸ்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மரைனர்ஸ் பேஸ்பால் அணி சொந்த மைதானத்தில் ஆடும்போது, ஏழாவது இன்னிங்ஸின் நடுவே ஆட்டம் சற்று நிற்கும். ரசிகர்கள் எழுந்து சோம்பல் முறித்துக்கொள்வார்கள். அந்த நாட்டின் ஏறக்குறைய எல்லா மைதானங்களிலும் அப்போது பேஸ்பாலைப் பற்றிய ஒரு பழைய பாட்டு ஒலிக்கும். சியாட்டிலில் அது முடிந்த கையோடு இன்னொரு பாட்டும் பல ஆண்டுகள் ஒலித்து வந்தது. அதன் பெயர் 'லூயி லூயி'. 2022இல் அணி நிர்வாகம் அதை மாற்றியபோது, ஊரின் அடையாளத்தையே எடுத்துவிட்டதாகப் பல ரசிகர்கள் வருந்தினார்கள்.

மூன்றே கார்டுகளில் (சுரக்கூட்டுகளில்) அமைந்த, வரிகளும் சரியாகப் புரியாத பாட்டு அது. அதன் மேல் ஒரு வட்டாரமே உரிமை கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு. 1950களின் இறுதியில் தொடங்கி 1960களின் நடுப்பகுதி வரை சியாட்டில், டகோமா, போர்ட்லாண்ட் என்ற மூன்று ஊர்களுக்கிடையே ஒரு ராக் இசைக்களம் இருந்தது. அது இயங்கிய விதம் ஏறக்குறைய ஒரு லீக் போட்டி. பல அணிகள், ஒரே மைதானங்கள், ஒரே பாட்டு. யார் வாசித்தால் கூட்டம் ஆடுகிறது என்பதே தீர்ப்பு. அந்தக் களத்து இசைக்குழுக்கள் முதுமையில் மீண்டும் மேடை ஏறின. அந்த மறுவரவுகளையும் ஆட்டமாகவே அலச வேண்டும் என்பது என் கட்சி. நரைத்த தலைகளைப் பார்த்துக் கண் கலங்குவது இயல்புதான். ஆனால் அது விமர்சனம் ஆகாது. அன்று அவர்களுக்கு யாரும் சலுகை காட்டவில்லை. இன்றும் காட்டாமல் இருப்பதே அவர்களுக்குத் தரும் மரியாதை.

களம் எப்படி இருந்தது?

வாஷிங்டன் மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கும் விடுதிகளில் இடம் கிடையாது. ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மதுவில்லாத நடன நிகழ்ச்சிகள் பெருகின. ராணுவப் பயிற்சிக் கூடங்கள், சக்கரச் சறுக்குத் தளங்கள், பழைய நடன மண்டபங்கள் என எங்கே பரந்த தரை இருந்ததோ அங்கெல்லாம் சனிக்கிழமை இரவில் ஒரு இசைக்குழு நின்றது. கேஜேஆர் வானொலியின் அறிவிப்பாளர் பேட் ஓடே இந்த நிகழ்ச்சிகளை மாநிலம் முழுக்க நடத்தினார். சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் நடுவே, 99ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த 'ஸ்பானிஷ் கேசில்' மண்டபம் இந்த லீகின் முதன்மை மைதானம். 1931இல் கட்டப்பட்டு 1968இல் இடிக்கப்பட்ட மண்டபம் அது. சியாட்டிலில் பிறந்து வளர்ந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், உலகப் புகழ் பெற்ற பிறகு 1967இல் வெளியிட்ட ஒரு பாட்டுக்கு அதன் பெயரைத்தான் வைத்தார்.

களம்தான் ஆட்டத்தைத் தீர்மானித்தது. மண்டபம் பெரியது, ஒலிபெருக்கிகள் சிறியவை, எதிரே நிற்பவர்களோ ஆட வந்தவர்கள். மென்மையாக வாசித்தால் பின்வரிசைக்குக் கேட்காது. தாளம் தளர்ந்தால் தரை காலியாகிவிடும். கிட்டாரோடு சாக்ஸஃபோனும் ஆர்கனும் சேர்ந்து முழங்கியதற்கும், பாடகர்கள் தொண்டை கிழியப் பாடியதற்கும் இதுவே காரணம். சியாட்டிலின் ஜாக்சன் தெருவில் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்திருந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் மரபும், டேவ் லூயிஸ் போன்றவர்களின் ஆர்கன் வாசிப்பும் இந்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலையாக இருந்தன.

ஒரே பாட்டு, நான்கு அணிகள்

'லூயி லூயி'யை எழுதி 1957இல் வெளியிட்டவர் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் பெர்ரி என்ற கறுப்பினக் கலைஞர். அதன் உரிமையை அவர் 750 டாலருக்கு விற்றுவிட்டார். வடமேற்குப் பையன்கள் அந்த இசைத்தட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

டகோமாவின் வெய்லர்ஸ் குழு 1959இலேயே 'டால் கூல் ஒன்' என்ற வாத்திய இசையால் தேசியப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் இடம் பிடித்திருந்தது. கிழக்குக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்தால் பெரிய வாய்ப்புகள் வரும் என்ற நிலையிலும் அவர்கள் ஊர் திரும்பினார்கள். 'எட்டிக்வெட்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கி, 1961இல் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் குரலில் 'லூயி லூயி'யை வெளியிட்டார்கள். பெர்ரியின் பாட்டில் இருந்த கரீபியச் சாயல் இங்கே குறைந்து, கிட்டார் தனிக்கு முன் பாடகர் கத்தும் ஒரு கத்தல் சேர்ந்தது. அந்தக் கத்தலைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ராபர்ட்ஸ் 1967 இறுதியில் சாலை விபத்தில் இறந்துபோனார். இந்த லீகின் ஆகச் சிறந்த தொடக்க ஆட்டக்காரர் அவர்தான் என்பேன்.

1963 ஏப்ரலில் போர்ட்லாண்டின் ஒரே ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு குழுக்கள் இந்தப் பாட்டைப் பதிவு செய்தன. பால் ரெவியர் அண்ட் த ரெய்டர்ஸ் குழுவினர் பிசிறில்லாமல் வாசித்தார்கள். கிங்ஸ்மென் குழுவோ தடுமாறியது. உயரத்தில் தொங்கிய ஒலிவாங்கியை அண்ணாந்து பார்த்துக் கத்தினார் பாடகர் ஜாக் ஈலி. கிட்டார் தனி முடிந்ததும் தன் வரியை முன்கூட்டியே தொடங்கிவிட்டு நிறுத்தினார். தாளத்தையும் வெய்லர்ஸ் வாசித்ததுபோல் அல்லாமல், மூன்று அடி, பிறகு இரண்டு, மறுபடி மூன்று என்று வெட்டி வெட்டி வைத்திருந்தார். தேசிய அளவில் வென்றது அந்தத் தடுமாற்றப் பதிவுதான். பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. வரிகளில் ஆபாசம் இருக்கிறதா என்று எஃப்பிஐ விசாரித்து, எந்த வேகத்தில் ஓட்டினாலும் வார்த்தை புரியவில்லை என்று கைவிட்டது. வெட்டப்பட்ட அந்தத் தாளம்தான் வெற்றியின் ரகசியம் என்று கருதுகிறேன். அடிக்கும் அடிக்கும் இடையே அது விடும் இடைவெளியில் கால் தானாக இறங்குகிறது.

நான்காவது அணி டகோமாவின் சோனிக்ஸ். 1966இல் வெளிவந்த 'பூம்' தொகுப்பில் அவர்கள் இதே பாட்டை அடித்து நொறுக்கினார்கள். ஜெரி ராஸ்லியின் குரலும் கீபோர்டும், லாரி பரிப்பாவின் கிட்டார், ஆண்டி பரிப்பாவின் பேஸ் கிட்டார், ராப் லிண்டின் சாக்ஸஃபோன், பாப் பென்னட்டின் டிரம்ஸ். அன்று அமெரிக்காவில் இவ்வளவு முரட்டுத்தனமாக வாசித்தவர்கள் மிகச் சிலரே. ஒலி கரகரக்க வேண்டும் என்பதற்காக ஐஸ் உடைக்கும் கூர்முனையால் ஸ்பீக்கரில் ஓட்டை போட்டவர்கள் இவர்கள். சத்தத்தை அமுக்குகிறது என்று பதிவுக்கூடச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளையும் பிய்த்து எறிந்தார்கள். 1965இல் வந்த முதல் தொகுப்பில் டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு ஒலிவாங்கிதான். அந்த டிரம்ஸ் ஒலியைப் பல ஆண்டுகள் கழித்து நிர்வானா ராக் குழுவின் கர்ட் கோபேன் வியந்து பாராட்டினார்.

அதே குழு ஹாலிவுட்டின் புகழ்பெற்ற கூடத்தில், நல்ல கருவிகளோடு மூன்றாவது தொகுப்பைப் பதிவு செய்தது. பிசிறுகளைத் துடைத்தெடுத்த அந்த ஒலி, வாசித்தவர்களுக்கே பிடிக்கவில்லை. மறுவரவுகளை அலசும்போது இந்தத் தோல்வியை நினைவில் வைத்திருக்க வேண்டும். மண்டபத்தின் முரடு போனால் இந்த இசையில் மிஞ்சுவது குறைவு.

திரும்பி வந்தவர்கள்

1960களின் இறுதிக்குள் களம் கலைந்தது. சோனிக்ஸின் லிண்ட் கடற்படை விமானியாக வியட்நாம் போருக்குப் போய், பிறகு பயணிகள் விமானம் ஓட்டினார். லாரி பரிப்பா காப்பீட்டுத் துறைக்கும், ராஸ்லி தார் போடும் தொழிலுக்கும் போனார்கள். 2004இல் ஒரு கார் விளம்பரத்தில் அவர்களுடைய 'ஹேவ் லவ் வில் டிராவல்' ஒலித்தது. அதுவும் ரிச்சர்ட் பெர்ரி எழுதிய பாட்டே. புதிய தலைமுறை தேடத் தொடங்கியது. 2007 நவம்பரில் நியூயார்க்கில் ராஸ்லி, லாரி, லிண்ட் மூவரும் மேடை ஏறினார்கள். 2008இல் லண்டனிலும், அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று சொந்த மண்ணான சியாட்டிலின் பாரமவுண்ட் அரங்கிலும் வாசித்தார்கள்.

இனி அலசலுக்கு வருவோம். மறுவரவில் மூன்றைப் பார்க்க வேண்டும்: குரல், தாளம், ஆள் தேர்வு.

குரல்தான் முதலில் போகும். இருபது வயதில் உச்சியில் நின்று கத்திய தொண்டையால் அறுபதைக் கடந்து அதே உயரத்தில் இரவுக்கு இரவு நிற்க முடியாது. இதற்குப் பல குழுக்கள் கையாளும் வழி, சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை என்று இறக்குவது. மெல்லிசைக்கு அது பொருந்தும். சோனிக்ஸ் பாட்டிலோ எட்டாத உயரத்தை எட்ட முயலும் தவிப்புதான் ரசம். இறக்கினால் தவிப்பு போய்விடும். இவர்கள் கண்ட வழி வேறு. பாடும் சுமையைப் பங்கிட்டார்கள். ஒரு காலத்தில் கிங்ஸ்மென் குழுவில் இருந்த ஃப்ரெடி டென்னிஸ், பேஸ் கிட்டாரோடு உச்சக் கத்தல்களையும் ஏற்றார். லிண்டும் பாடினார். தன் பங்கைக் குறைத்துக்கொண்ட ராஸ்லி, பாடிய இடங்களில் அடித்தொண்டை உறுமலைக் கொண்டுவந்தார்.

அடுத்தது தாளம். வயதான குழுக்கள் தம்மை அறியாமல் வேகத்தைக் குறைக்கும். இவர்களுக்கு அமைந்த டஸ்டி வாட்சன், சர்ஃப் கிட்டார் மேதை டிக் டேல் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர்; தளர விடமாட்டார். அசல் டிரம்ஸ் கலைஞரின் இடம் உணர்ச்சிக்குரியது. அதில் வேலைக்குத் தகுந்த ஆளை உட்கார வைத்ததுதான் இந்த மறுவரவின் மிகச் சரியான முடிவு.

இதன் உச்சம் 2015இல் வந்த 'திஸ் இஸ் த சோனிக்ஸ்' தொகுப்பு. ஜிம் டயமண்ட் தயாரிப்பில், ஸ்டீரியோ இல்லாமல் பழைய மோனோ முறையில் பதிவான தொகுப்பு அது. ரே சார்லஸ் பாடிய ஒரு பாட்டோடு தொடங்குகிறது. டிரம்ஸ், சாக்ஸ், கிட்டார் மூன்றும் ஒரே திசையிலிருந்து மோதுகின்றன. அரை நூற்றாண்டு இடைவெளி காதில் விழவில்லை. குறையும் உண்டு: 1965 தொகுப்பின் 'த விட்ச்', 'சைக்கோ' ஆகியவற்றில் ராஸ்லியின் கத்தலில் இருந்த ஆபத்தான நடுக்கம் இங்கே இல்லை. பதிலுக்குக் கிடைப்பது கட்டுப்பாடு. இந்தப் பேரம் நியாயமானது என்பது என் தீர்ப்பு. 2016இல் ராஸ்லி பயணங்களிலிருந்து விலகிக்கொண்டார். முடியாத நிலையில் மேடையில் நிற்காததும் ஆட்டத்துக்குச் செய்யும் மரியாதைதான்.

எல்லா மறுவரவும் இப்படி அமையவில்லை. கிங்ஸ்மென் குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை 1963லேயே தொடங்கி ஈலியை வெளியே தள்ளியது. அந்தப் புகழ்பெற்ற குரலுக்கு உரியவர் அந்தப் பெயரில் மேடை ஏற முடியாமல் போனது. வெய்லர்ஸில் கிட்டார் கலைஞர் ரிச் டேஞ்சல் 2002இலும், கென்ட் மாரில் 2011இலும், பக் ஆர்ம்ஸ்பி 2016இலும் மறைந்தார்கள். களத்தைத் தொடங்கிவைத்த குழுவுக்கு உலக மேடையில் இரண்டாம் இன்னிங்ஸ் வாய்க்கவில்லை என்பது உண்மையான இழப்பு.

ஏக்கம் எதன் மேல்?

1985 ஏப்ரல் 12 அன்று வாஷிங்டன் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் 'லூயி லூயி' நாள் கொண்டாடப்பட்டது. அதை மாநிலப் பாட்டாக்க வேண்டும் என்று கேலியாகத் தொடங்கிய கோரிக்கை, மாபெரும் கூட்டமாக முடிந்தது. வெய்லர்ஸ், கிங்ஸ்மென், ரெய்டர்ஸ் மூன்று குழுக்களும் அங்கே வாசித்தன. அதே ஆண்டில் சியாட்டில் மாநகராட்சி பதின்பருவ நடன நிகழ்ச்சிகளுக்கு ஒரு விதிமுறை கொண்டுவந்தது. நடத்துபவர் பத்து லட்சம் டாலர் காப்பீடு எடுக்க வேண்டும், காவலர்களை அமர்த்த வேண்டும் என்பவை நிபந்தனைகள். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய கவலையில் பிறந்த விதிதான். ஆனால் அதன் விளைவாக, பள்ளிப் பிள்ளைகள் கூடி ஆடும் மண்டபம் என்பதே நகரில் ஏறக்குறைய இல்லாமல் போனது. 'லூயி லூயி'யை உண்டாக்கிய மண்டபங்கள் அவைதான். இசைக்கலைஞர்களும் இளைஞர்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2001இல் எல்லா வயதினருக்குமான 'வேரா புராஜெக்ட்' என்ற அரங்கம் தொடங்கியது. 2002இல் அந்த விதிமுறை நீங்கியது.

1985 என்ற அந்த ஒரே ஆண்டு எனக்குக் கற்றுத்தந்த பாடம் இது. பழைய வீரர்களுக்கு மாலை போட்டுவிட்டு மைதானத்தைப் பூட்டினால், அது ஏக்கமே தவிர அக்கறை ஆகாது. வெய்லர்ஸ் பையன்கள் தனி மேதைகளாகப் பிறந்தவர்கள் இல்லை. வாரந்தோறும் ஆடக் கிடைத்த தரையும், பிடிக்காவிட்டால் நகர்ந்து போய்விடும் கூட்டமும் அவர்களை உருவாக்கின. மறுவரவு மேடைகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை, பதினாறு வயதுப் பிள்ளைகள் சத்தமாக வாசிக்கவும் ஆடவும் குறைந்த வாடகையில் கிடைக்கும் மண்டபங்களுக்கு ஒவ்வொரு ஊரும் ஒதுக்க வேண்டும். அடுத்த சோனிக்ஸ் அங்கிருந்துதான் வர முடியும்.