இணைப்பாகிப் போன விண்ணப்பம்: 1941 கிள்ளான் வேலைநிறுத்த ஆவணங்களை வாசித்தல்

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் குறித்து எழுதப்பட்டவை குறைவல்ல. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை யார் தூண்டினார், எத்தனை காசு கேட்டனர், எத்தனை பேர் மாண்டனர் என்னும் வினாக்களோடு நின்றுவிடுகின்றன. இவ்வினாக்களை முதலில் எழுப்பியவர்கள் யார் என்பதை ஆய்ந்து பார்த்தல் நலம். அவை அன்றைய குடியேற்ற ஆட்சி தன் அதிகாரிகளிடம் கேட்ட வினாக்களே. அவற்றுக்கான விடைகளைத் திரட்டிய கோப்புகளைத்தான் நாம் இன்று மூல ஆவணம் என்கிறோம்.

நிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்லலாம். போரினால் ரப்பரின் தேவை பெருகியிருந்த காலம் அது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்ததால் புதிய ஆள்வரவும் நின்றிருந்தது. தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு அளவில் இருக்க, சீனத் தொழிலாளி அதனினும் கூடுதலாகப் பெற்றார். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளரை ஒன்றுதிரட்டியது; அதன் முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன், ‘தமிழ் நேசன்’ (1924–2019) நாளிதழின் துணையாசிரியராக இருந்தவர். முதற்கட்ட வேலைநிறுத்தம் ஓரளவு கூலி உயர்வோடு முடிந்தது. மே 5ஆம் நாள் நாதன் கைது செய்யப்படவே, போராட்டம் மீண்டும் மூண்டு பரவியது. மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இனி ஆவணத்திற்கு வருவோம். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் குடியேற்ற நாட்டு அலுவலகக் கோப்புகள், ஆட்சியின் கடித வழியை அப்படியே பின்பற்றி அடுக்கப்பட்டவை. கிள்ளானில் நடந்தது கோலாலம்பூருக்கும், அங்கிருந்து சிங்கப்பூரிலிருந்த உயர் ஆணையருக்கும், பின்னர் லண்டனுக்கும் எழுதப்பட்டது. ஒவ்வொரு படியிலும் ஒரு முகப்புக் கடிதம் சேர்ந்தது. ஓரத்தில் குறிப்புகள் எழுதப்பட்டன. தொழிலாளர் தரப்பு எழுத்து இந்த அடுக்கில் ‘இணைப்பு’ என்னும் பெயர் பெற்றுக் கடைசியில் ஒதுங்கிவிடுகிறது. வாசிப்பவர் முன்பக்கத்திலிருந்து தொடங்கினால், தொழிலாளியின் சொல்லை எட்டுவதற்குள் அவரைப் பற்றிய மூன்று தீர்ப்புகளையாவது படித்து முடித்திருப்பார். ஆகவே இணைப்பை முதலில் படித்துவிட்டு, முகப்புக் கடிதங்களைப் பின்னர் படிப்பதே ஏற்ற முறை என்பது நம் கருத்து. மிக எளிய மாற்றந்தான். ஆனால் கோப்பு வேறொன்றாகத் தோன்றத் தொடங்கும்.

அவ்வாறு படிக்கும்போது கோரிக்கைப் பட்டியல் நம்மை நிறுத்துகிறது. சீனருக்கு இணையான கூலி அதில் உண்டு. வேலை நேரக் குறைப்பு, மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக அனுமதி ஆகியனவும் உண்டு. இவற்றின் நடுவே, துரையோ கிராணியோ எதிர்ப்படும்போது மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமையும் கேட்கப்படுகிறது.

இக்கோரிக்கையை வரலாற்றாசிரியர் அறியாதவரல்லர். மைக்கேல் ஸ்டென்சன் 1980இல் வெளியிட்ட நூலிலும், எச்.ஈ. வில்சன் 1981இல் வெளியிட்ட சிற்றாய்விலும் இவ்வேலைநிறுத்தம் விரிவாகவே பேசப்படுகிறது. இருவருக்கும் நாம் கடன்பட்டுள்ளோம். ஆயினும் முன்னவர் தம் நூலின் தலைப்பிலேயே வர்க்கம், இனம், குடியேற்ற ஆதிக்கம் என்னும் சட்டகத்தை வகுத்துக்கொள்கிறார். பின்னவர் உழைப்பு, மூலதனம் என்னும் சட்டகத்தை வகுக்கிறார். அச்சட்டகங்களுக்குள் மிதிவண்டிக் கோரிக்கைக்கு இடம் உண்டே தவிர, முதன்மையிடம் இல்லை. அதனைப் படிப்பவர் இரங்கத்தக்கதொரு சிறு செய்தியாகக் கருதிக் கடந்துவிட இயலும். தமிழில் எழுதுவோர் நிலையும் இதனின் மேம்பட்டதன்று. நாதனின் தியாகத்தைப் போற்றும் ஆர்வத்தில் பட்டியலையே படியாது விட்டுவிடுகிறோம். தூண்டியவர் ஒருவரே என்ற காவல்துறையின் கூற்றை, போற்றுதல் என்னும் வடிவில் நாமும் வழிமொழிகிறோம் என்பது உணரப்படுவதில்லை.

தோட்டம் என்பது தனியார் நிலம். அதன் பாதையும் தனியார் பாதையே. வெளியார் நுழைய நிருவாகத்தின் இசைவு வேண்டும். அந்நிலத்தில் கூலிக்காரர் சொந்தமாக வாங்கிய மிதிவண்டி, லயத்தையும் கிள்ளான் பட்டணத்தையும் இணைத்தது. பட்டணத்துச் செய்தித்தாளையும் கூட்டத்துப் பேச்சையும் லயத்திற்குக் கொண்டுவரும் வழியாயிற்று. அதிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம், நாள்தோறும் அவரை அவருடைய பழைய இடத்தில் நிறுத்துவதற்கு உதவியது. ஆதலின் இக்கோரிக்கையை உறவினர் வருகை, கூட்டவுரிமை ஆகிய கோரிக்கைகளோடு சேர்த்தே படித்தல் வேண்டும். மூன்றும் தோட்டத்து எல்லையையும் அதனைக் கடப்பதையும் பற்றியன. கூலி உயர்வைக் கொண்டு இவற்றுள் ஒன்றையும் ஈடுசெய்ய இயலாது. கூலி உயர்த்திய பின்னரும் கிளர்ச்சி ஏன் அடங்கவில்லை என்று வியந்தவர்க்கு உரிய விடை இவ்விணைப்பிலேயே இருந்தது.

மொழி பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இப்பட்டியல் ஆய்வுகளில் ஆங்கிலத்திலேயே வழங்குகிறது. அதில் பெண்களிடம் முறைகேடாக நடந்தோருள் ஐரோப்பியரோடு ‘கறுப்பு ஐரோப்பியர்’ என்போரும் சுட்டப்படுகின்றனர். ஆங்கிலத்தில் சற்றே விந்தையாக ஒலிக்கும் இத்தொடருக்குப் பின்னே, ‘கறுப்புத் துரை’ என்பது போன்றதொரு தோட்டத்து ஏளனச் சொல் நின்றிருக்க வேண்டும் என்றே கருதத் தோன்றுகிறது. மிதிவண்டிக் கோரிக்கையும் அவ்வாறே. ஆங்கில வினை ஊர்தியிலிருந்து கீழே வருவதை மட்டுமே குறிக்கும். தமிழில் ‘இறங்குதல்’ என்பது நிலையிலிருந்து தாழ்வதையும், பணிந்துபோவதையும் சேர்த்தே குறிக்கும். ‘இறங்கிப் போ’ என்று ஒருவர்க்கு அறிவுரை கூறுகையில் அங்கே வண்டி எதுவும் இருப்பதில்லை. இவ்வாவணத்தை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லும் ஆசிரியர்கள் அதனைத் தமிழாக்கிக் கொடுப்பார்களாயின், ‘இறங்க மாட்டோம்’ என்னும் தொடரை மாணவர்க்கு விளக்க வேண்டிய தேவையே எழாது.