கேஜ் சொல்வதும் துப்பாக்கி சொல்வதும்

சுட்டு முடித்த தோட்டாக் கூடு, சுடும் முன் இருந்ததைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். மருந்து எரியும் கணத்தில் .308 ரகத் தோட்டாவுக்குள் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. பித்தளை உப்பி, துப்பாக்கி அறையின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் விட்டதும் மயிரிழை சுருங்குகிறதே தவிர, பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அதை மறுபடி பயன்படுத்துபவர்கள் ‘டை’ எனும் எஃகு அச்சுக்குள் திணித்துச் சிறுக்க வைக்கிறார்கள். சிறுத்தது போதுமா, கூடிப்போனதா என்பதை எப்படிப் பார்ப்பது? குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் இருப்பவர்களிடையே இது தீராத வழக்கு.

காவிரிப் படுகையில் இந்த வழக்குக்கு வேலை இருந்ததில்லை. வயலில் இறங்கும் பன்றியை விரட்ட இங்கே அறிந்தது, குழல் வாய்வழியே கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கான அந்த ரகத்தை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவில் தனியாகவே குறிப்பிடுகிறது. மருந்து, அடைப்பு, ரவை எல்லாவற்றையும் வாயில் போட்டுக் கம்பியால் இடிக்க வேண்டும். கூடே கிடையாது, கூடு பொருந்துமா என்ற கவலையும் கிடையாது. இறுக்கம் போதுமா என்பதை இடிக்கும் கையே சொல்லிவிடும்.

ஆனால் அளவு பார்க்கும் கலை தஞ்சைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருச்சியில் 1966 முதல் இயங்கும் படைக்கலத் தொழிற்சாலை இன்சாஸ் ரைஃபிளையும் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ என்ற பெயரிலேயே இன்னொன்றையும் செய்த இடம். திருச்சியை ஒட்டிய துவாக்குடிப் பக்கம் லேத் ஓட்டும் எவருக்கும் ‘கோ’, ‘நோ-கோ’ கேஜ்களைத் தெரியும். முதலாவது உள்ளே போக வேண்டும், இரண்டாவது போகக் கூடாது. ரைஃபிள் அறையைச் சோதிப்பதும் இதே வழியில்தான். அமெரிக்கத் தொழில் வழக்கில் .308 அறைக்குக் கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634. இரண்டுக்கும் இடையில் இருப்பது 0.1 மில்லிமீட்டர்.

கூட்டைச் சோதிக்கும் கேஜ் இதன் மறுபக்கம். உள்ளே அறையின் வடிவில் குடைந்த எஃகுத் துண்டு. கூட்டை அதில் போட்டால், அதன் அடி மேலே இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். நகத்தால் தடவினாலே தெரியும். விலை அதிகமில்லை, வேகம் அதிகம், யார் துப்பாக்கிக்குப் போகும் கூடானாலும் சோதிக்கலாம்.

குறையும் அதே இடத்தில்தான். கேஜ் காட்டுவது ஏட்டில் உள்ள அறையை. கையில் உள்ள அறையை அல்ல. துப்பாக்கியின் அறை 1.633 அங்குலமாக இருந்து, கூட்டின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி, 1.628இல் நின்றால் கேஜ் மறு பேச்சில்லாமல் தேர்ச்சி தரும். ஆனால் அறைக்குள் ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம் காலி. ஒவ்வொரு சூட்டிலும் அந்தக் காலியிடத்தை நிரப்பப் பித்தளை நீள்கிறது, அடிக்குச் சற்று மேலே சுவர் மெலிகிறது, கடைசியில் ஒருநாள் கூடு இரண்டாகப் பிரிகிறது. இன்னொன்று: பல கேஜ்கள் நீளத்தை மட்டுமே பார்க்கும்படி, உடல் பகுதியில் தாராளமாகக் குடையப்பட்டவை. இடுப்பு பருத்த கூடு அதில் சுகமாக விழுந்துவிட்டு, துப்பாக்கியில் போய்ச் சிக்கும்.

அதனால்தான் சொந்த அறையிலேயே போட்டுப் பார்ப்பவர்கள் கேஜை மதிப்பதில்லை. அறையை அடைக்கும் போல்டிலிருந்து ஊசியையும் கூட்டைத் தள்ளும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, மருந்தும் குண்டும் இல்லாத வெற்றுக் கூட்டை வைத்து மூடுகிறார்கள். கைப்பிடி தன் கனத்திலேயே இறங்கினால் சரி, முரண்டினால் தவறு. நாட்டுத் துப்பாக்கியின் இடிகம்பி போலவே இங்கும் கைதான் சாட்சி. ஆனால் இந்தச் சாட்சிக்குப் பாதிக் கண்தான். கூடு பெரிதாக இருந்தால் கை சொல்லும்; அளவுக்கு மீறிச் சிறுத்திருந்தால் போல்ட் அப்போதும் வழுக்கிக்கொண்டு மூடும். ஆபத்து அந்தப் பக்கம்தான் அதிகம்.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று: அந்தத் துப்பாக்கியிலேயே சுட்ட கூட்டின் தோளை வெர்னியரில் பொருத்திய ஒப்பளவுத் துண்டால் அளந்து, டையிலிருந்து வந்த கூட்டையும் அதே துண்டால் அளப்பது. ஒவ்வொரு தடவையும் கையால் போல்ட் இழுக்கும் துப்பாக்கியானால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அங்குல வித்தியாசம் போதும். தானே ஏற்றிக்கொள்ளும் ரகமானால் மூன்று, நான்கு. அளவு எண்ணாகக் கிடைக்கிறது, உண்மையான அறையைப் பற்றியும் இருக்கிறது. முதல் சூட்டில் கூடு முழுதாக விரியாமல் போகலாம் என்பதை மறந்தவர்கள் மட்டும் இதில் ஏமாறுவார்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல்லளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். ராஜகேசரி மரக்காலுக்கு அது ஒக்கும் என்றும் பொறித்திருக்கிறார்கள். பல ஊர் நெல் வந்து சேரும் இடத்தில் பொது அளவு இல்லாமல் முடியாது. வீட்டுக் குதிருக்கு வீட்டுப் படி போதும். ஒரே கூடு பல துப்பாக்கிக்குப் போகும் என்றால் கேஜ்தான் ஆடவல்லான். ஒருவர், ஒரு ரைஃபிள் என்றால் அதை முதல் சாட்சியாக வைப்பது பிழை.

பழைய .303 என்ஃபீல்டு இதற்கு நல்ல உதாரணம். நம் ஊர்க் காவல் நிலையங்களில் பல்லாண்டு நின்ற துப்பாக்கி. அதன் தோட்டா தோளில் அல்ல, அடி விளிம்பில் தாங்கி நிற்பது. போர்க்களச் சேற்றிலும் ஏற வேண்டும் என்பதால் அறையும் தாராளம். அதன் கூட்டை ஏட்டளவுக்கு முழுதாகச் சிறுக்க வைத்தால் சில சூடுகளிலேயே அடி பிளக்கும். கழுத்தை மட்டும் சிறுக்க வைத்து, விரிந்த தோளை அப்படியே விடுபவர்களின் கூடு நெடுநாள் உழைக்கும்.

எல்லா முறையிலும் ஒட்டிக்கொண்ட சோம்பல் ஒன்று உண்டு: ஒன்றைச் சோதித்து நூறைத் தேற்றுவது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பித்தளைக்குப் பொருந்தாது. கும்பகோணத்தில் பாத்திரம் தட்டுபவர்களுக்குத் தெரியும், அடிபட அடிபடப் பித்தளை விறைக்கும்; காய்ச்சினால்தான் இளகும். ஐந்து முறை சுட்ட கூடு, டையை விட்டு வந்ததும் புதுக் கூட்டைவிட அதிகம் விரிந்து எழும். இரண்டையும் ஒரே குவியலில் போட்டால் அது ஒரு பானைச் சோறு அல்ல.

இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதை ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுக்கிறது. உரிமம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவர் மெலிவதைக் கேஜும் காட்டாது, போல்டும் காட்டாது, வெர்னியரும் காட்டாது. நுனியை வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு, அடிக்குச் சற்று மேலே சுவரை வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அந்தக் கூடு பழைய பித்தளைக் கடைக்கு.