எள்ளைச் சேர்த்துக் காத்த சட்டம்

கடையில் வாங்கும் உணவுப் பொட்டலத்தின் மேலுறையை நீங்கள் ஊன்றிப் படிப்பதுண்டா? விலையையும் தேதியையும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்பவர்களே நம்மில் மிகுதி. ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தப் பொடி எழுத்துகள் உயிர்காக்கும் எழுத்துகள். அவற்றைச் சீர்ப்படுத்த அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம், தான் காக்க வேண்டியவர்களையே எவ்வாறு தவிக்கவிட்டது என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். உணவிலுள்ள தீங்கற்ற புரதம் ஒன்றைச் சிலருடைய உடல் பகையென்று கருதிவிடுகிறது. அதற்கென ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருளை ஆக்கி வைத்துக்கொள்கிறது. அதே புரதம் மறுமுறை நுழைந்ததும் சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டுகின்றன. தோல் தடிக்கிறது, தொண்டை வீங்குகிறது, மூச்சுத் திணறுகிறது. சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம். ஆகவே அந்த உணவைத் தவிர்ப்பதே முதற்காப்பு.

ஒன்பதாவது பெயர்

பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, முந்திரி போன்ற மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா ஆகிய எட்டையும் மேலுறையில் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 2004-இல் சட்டம் இயற்றியது. எள் அதில் இல்லை. 'மசாலாப் பொருள்கள்', 'இயற்கை மணமூட்டி' என்ற பொதுப் பெயர்களுக்குள் எள் ஒளிந்துகொள்ள முடிந்தது. ஒவ்வாமை உள்ளோரின் குடும்பங்கள் பல்லாண்டு முறையிட்டன. 2021 ஏப்ரலில் எள்ளும் ஒன்பதாவதாகச் சேர்க்கப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

நல்ல செய்திதானே என்பீர்கள். நடந்ததோ வேறு. அதுவரை எள்ளே இல்லாதிருந்த ரொட்டிகள் சிலவற்றில் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே சிறிது எள் மாவைச் சேர்த்து, 'எள் உள்ளது' என்று அச்சிட்டுவிட்டார்கள்! எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்களைப் பற்றி நம்மிடம் பழமொழி உண்டு. 'எள் இருந்தால் சொல்' என்றதும் எள்ளையே கொட்டிக்கொண்டு நின்றவர்களை இப்போதுதான் பார்க்கிறோம்.

ஏன் இப்படி?

ஆலைக்காரர் தரப்பையும் கேட்போம். எள் தூவிய பன்னும் தூவாத பன்னும் ஒரே இயந்திர வரிசையில்தான் ஓடுகின்றன. எள் நுண்ணியது, இடுக்குகளில் தங்கிவிடும். ரொட்டி ஆலையில் நீர் ஊற்றிக் கழுவினால் ஈரத்தில் நுண்ணுயிர் பெருகும். கலவைப் பட்டியலில் எள் இல்லையென்றால், அது தவறிக் கலந்துவிடாமல் தடுப்பது ஆலையின் கடமை. பட்டியலில் எள் இருந்தாலோ அந்தக் கடமையே இல்லை. துப்புரவுக்கு ஆகும் செலவைவிட ஒரு பிடி எள் மாவு மலிவு. இது நேர்மைக்கு இழுக்கு; ஆனால் சட்டத்துக்கு இழுக்கன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே, இதைத் தான் ஆதரிக்கவில்லை என்று கூறியதேயன்றித் தடுக்க இயலவில்லை.

இன்னொரு முரணையும் பாருங்கள். எள்ளும் கொட்டைகளும் சேராத ரொட்டிகளின் பொருட்பட்டியலில் அவற்றின் பெயரைப் போட்டதற்காக, 2024 ஜூனில் பிம்போ பேக்கரீஸ் நிறுவனத்துக்கு அதே நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சேர்க்காமல் பெயர் போட்டால் குற்றம். சேர்த்துப் பெயர் போட்டால் குற்றமில்லை!

குறை எங்கே?

சட்டம் 'உண்மை சொல்' என்றது. 'எவ்வளவு' என்று கேட்கவில்லை. அளவு கூறாததே இதன் பெருங்குறை என்பது என் கருத்து. உலக உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு, எள்ளுக்கு 2 மில்லிகிராம் புரதம் என்ற அளவைப் பரிந்துரைத்துள்ளது. எள் ஒவ்வாமை உள்ளோரில் நூற்றுக்கு ஐவருக்கு மேல் எதிர்விளைவு தோன்றாத அளவு இது. ஓர் எள்ளின் எடை சுமார் 3 மில்லிகிராம்; அதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு புரதம். அப்படியானால் இது மூன்று, நான்கு எள்ளுக்குச் சமம். இத்தகைய வரம்பு ஒன்று இருந்திருந்தால், ஆலை எட்டக்கூடிய துப்புரவு இலக்கும் இருந்திருக்கும். மேலுறைக்காகவே ஒவ்வாப் பொருளைச் சேர்ப்பதைத் தடைசெய்யும் ஒரு வரியும் சட்டத்தில் வேண்டும்.

'மறைக்காமல் சொல்லிவிட்டார்களே, ஏமாற்று எங்கே?' என்று சிலர் வாதிடுவர். நேற்றுவரை அச்சமின்றித் தின்ற ரொட்டியை இன்று இழந்த குழந்தைக்கு இந்த வாதத்தால் என்ன பயன்? வழக்கமான ரொட்டிதானே என்று மேலுறையைப் பாராமல் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

நமக்கும் இதில் பாடம் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வெளியிட்ட விதிகளின் ஒவ்வாப் பொருள் பட்டியலில் எள் இடம்பெறவில்லை. எள்ளுருண்டையும் நல்லெண்ணெயும் புழங்கும் நாட்டில் இது சிந்திக்கத்தக்கது. செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் எள்ளின் புரதம் தங்கும். பெயரைச் சேர்க்கும் நாளில் அளவையும் சேர்த்தே கேட்க வேண்டும். அதுவரை ஒவ்வாமை உள்ள வீட்டார், பழகிய பொருளாயினும் ஒவ்வொரு முறையும் மேலுறையைப் படித்தே வாங்குங்கள்.