பொதுமக்களுக்கு 35 வயதோடு சரி

முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டி அறிவிப்பை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஐந்து பிரிவுகள். பள்ளி மாணவர்களுக்கு 12 முதல் 19 வயது, கல்லூரி மாணவர்களுக்கு 17 முதல் 25, பொதுமக்களுக்கு 15 முதல் 35. மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு ஊழியர்களுக்கும் வயது வரம்பு கிடையாது.

டேட்டாபேஸோடு மல்லுக்கட்டிப் பிழைப்பவன் கண்ணுக்கு இது உடனே உறுத்தும். வயது, வேலை, உடல்நிலை என்று மூன்று விதமான தகவலை ஒரே கட்டத்தில் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் சிலர் எந்தக் கட்டத்திலும் விழமாட்டார்கள். வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கும் 42 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மாணவி இல்லை, அரசு ஊழியர் இல்லை, மாற்றுத்திறனாளி இல்லை. பொதுமக்களில் ஒருவர் என்றால், அதுவும் 35 வயதோடு முடிஞ்சுபோச்சு. அதே ஊரில் 57 வயது அரசு ஊழியர் ஒருவர் இருந்தால் அவர் தாராளமாக விளையாடலாம். (தனியார் கம்பெனியில் கோட் எழுதும், நாற்பதைத் தாண்டிய நானும் அந்தப் பெண்ணோடுதான் வெளியே நிற்கிறேன். எனவே இதில் எனக்குக் கொஞ்சம் சொந்தக் கோபமும் உண்டு.)

மற்ற இடங்களில் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று தேடப் போய், பெரம்பலூர் வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்: கிராஸ் கன்ட்ரி ஸ்கீ கிளப்புகள். சினிமாவில் பார்ப்பதுபோல மலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்குவது இல்லை இது. காலில் இரண்டு நீளப் பட்டைகள், கையில் இரண்டு கோல்கள். பனிமேல் சமதளத்திலும் மேட்டிலும் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். கிட்டத்தட்ட நம்ம ஊர் நடைப்பயிற்சியின் பனிக்கால வடிவம்.

கனடாவில் சின்னப் பிள்ளைகளுக்கான ஸ்கீ பயிற்சிக்கு 'ஜாக்ராபிட்' என்று பெயர். நார்வேயில் 1875இல் பிறந்து, கனடாவில் குடியேறி, 1987இல் 111 வயதில் இறந்த ஹெர்மன் ஸ்மித்-யோஹான்சன் என்பவரின் பட்டப்பெயர் அது. ஐந்து வயது வரை ஒரு படி, 6 முதல் 9 வரை ஒரு படி, 10 முதல் 12 வரை ஒரு படி. முதல் படியில் விளையாட்டாக விழுந்து எழுவதுதான் பாடமே. மறுமுனையில், மூத்தோருக்கான மாஸ்டர்ஸ் உலகக் கோப்பை 30 வயதில் ஆரம்பிக்கிறது. ஐந்து ஐந்து வருடமாகப் பிரித்துக்கொண்டே போய், 80 தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நாம் வெளியே அனுப்புகிற வயதில் அவர்களுக்கு இரண்டாவது பிரிவு தொடங்கிவிடுகிறது.

உடல்திறன் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். முதலமைச்சர் கோப்பையில் செவித்திறன் குறைந்தவர்களுக்குக் கபடி, பார்வைத்திறன் குறைந்தவர்களுக்குச் சிறப்புக் கையுந்துபந்து, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எறிபந்து என்று யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள், அதைப் பாராட்டியே ஆகணும். ஆனால் உடல் ஊனம் உள்ளவர்களுக்கு 50 மீட்டர் ஓட்டம் என்று ஒரே வரி. ஒரு கையை இழந்தவருக்கும், போலியோவில் கால் சூம்பியவருக்கும் அந்த 50 மீட்டர் ஒன்றா? பாரா ஸ்கீயில் உட்கார்ந்து போவோர், நின்று போவோர், பார்வை குறைந்தோர் என மூன்று குழு. குழுவுக்குள்ளும் குறைபாட்டின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு வகைக்கும் ஒரு சதவீதம் உண்டு. உதாரணத்துக்கு 86 சதவீதம் என்றால், நீங்கள் 10 நிமிடத்தில் முடித்ததை 8 நிமிடம் 36 விநாடி என்று கணக்கில் எடுப்பார்கள். ஒரு எக்செல் ஷீட் போதும் இதுக்கு. இந்த வகைப்பாடு என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததும் இல்லை. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோவில் தங்கம் தாண்டியது டி42 என்ற பிரிவில்தான்.

ஸ்கீ உலகம் பிறக்கும்போதே இப்படி நியாயமாகப் பிறந்துவிடவில்லை. ஸ்வீடனின் 90 கிலோமீட்டர் வாசாலோப்பெட் 1922இல் தொடங்கியது. 1923இல் மார்கிட் நூர்டின் என்ற பெண் ஓடி முடித்தார். அடுத்த வருடமே பெண்களுக்குத் தடை போட்டார்கள், 1981இல்தான் மறுபடி அனுமதித்தார்கள். பிரிவுகள் தானாக வளர்வதில்லை, வெளியே நின்றவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கின்றன.

நம்மிடம் திறமையை மேலே கொண்டுபோகும் ஏணி ஓரளவு இருக்கிறது. அரியலூர் கார்த்தி செல்வம், 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற இந்திய ஹாக்கி அணியில் ஆடினார். முதலமைச்சர் கோப்பைக்கு 2024இல் பதிவு செய்தவர்கள் 11 லட்சத்துக்கும் மேல். பெரிய எண்ணிக்கை, சந்தேகமில்லை. ஆனால் இது வடிகட்டும் போட்டி. மாவட்ட அளவில் 100 மீட்டரில் முதல் மூன்று பேருக்கு 3,000, 2,000, 1,000 ரூபாய். நான்காவதாக வந்தவருக்கு அன்று காலையோடு எல்லாம் முடிந்தது. அடுத்த வாரம் அவர் எங்கே போய் ஓடுவார், யார் சொல்லிக்கொடுப்பார் என்பதற்கு அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. கிளப் என்பது அந்த அடுத்த வாரத்துக்கான ஏற்பாடு.

சாமான் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் 33 வகைப் பொருட்கள் ஊராட்சிகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. பெரம்பலூரில் 121 ஊராட்சி, அரியலூரில் 201. ஆக 322 ஊராட்சிகள். பந்தும் வலையும் கொடுத்தாச்சு. ஆனால் வாரம் இரண்டு நாள் வந்து நிற்கும் ஆள்? அதற்குத் தனியாகச் சம்பளம் போடணும். வருடத்துக்கு ஒருமுறை மேடை போடுவதைவிட அது சிரமமான வேலை, போட்டோவும் சரியா வராது.

கடைசியாக, காப்பியடிக்க ஒன்று. நார்வேயின் பிர்கெபைனர் பந்தயம் 1932இல் தொடங்கியது. முதுகில் 3.5 கிலோ மூட்டையோடு 54 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே வெற்றியாளர் தவிர மற்றவர்களுக்கும் ஒரு பேட்ஜ் உண்டு. உங்கள் வயதுப் பிரிவில் முதல் ஐந்து பேரின் சராசரி நேரத்தோடு 25 சதவீதம் கூட்டி, அதற்குள் முடித்தால் பேட்ஜ் உங்களுக்கு. சராசரி 4 மணி நேரம் என்றால் 5 மணி நேரம் வரை. இதை அப்படியே பெரம்பலூர், அரியலூர் மாவட்ட விளையாட்டரங்குகளில் ஐந்து கிலோமீட்டர் வேக நடைக்கு வைக்கலாம். 40-44 வயதுப் பெண்கள் பிரிவில் முதல் ஐந்து பேர் சராசரியாக 44 நிமிடம் எடுத்தால், வேப்பந்தட்டைப் பெண் 55 நிமிடத்துக்குள் முடித்தால் போதும்.